பாக்கோ போகிறீர்களா? முதலில் கடல் ஏறி வற்றும் நேரத்தைப் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ஆகஸ்டில் சென்னையிலிருந்து குடும்பத்தோடு, மலேசியாவில் போர்னியோ தீவிலுள்ள சரவாக் மாநிலத்தின் தலைநகரான கூச்சிங் வருகிறீர்கள், கூடவே ஒன்பது வயதுப் பையன், அறுபத்தேழு வயது அப்பா, எல்லோரும் சைவம். பாக்கோ தேசியப் பூங்காவுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறீர்கள். காலையில் காட்டில் நடந்துவிட்டு மத்தியானம் கடலில் குளிக்கலாமா என்று கேட்கிறீர்கள். நான் மேற்கு மலேசியாவின் ஈப்போ ஊர்க்காரன், வேலைக்காகக் கூச்சிங் வந்து ஏழு வருஷம் ஆகிறது. வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குளிப்பதை முதலிலேயே மறந்துவிடுங்கள். படங்களில் பார்த்த அந்த மஞ்சள் மணலும் சரிந்து நிற்கும் பாறையும் உண்மைதான், ஆனால் பாக்கோ இருப்பது இரண்டு ஆறுகள் கடலில் கலக்கிற முனையில். சதுப்பு, ஆற்றுவாய், கலங்கிய தண்ணீர் என்றால் சரவாக்கில் முதலையும் உண்டு என்று அர்த்தம். நம் பிச்சாவரம் பக்கம் கேள்விப்படுகிற சின்ன முதலை இல்லை, செம்மூக்கு முதலை, உப்புத் தண்ணீரிலேயே வாழ்கிற பெரிய ரகம். கரையிலேயே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். பலகைக்குப் பக்கத்திலேயே கால் நனைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அது அவரவர் துணிச்சல். பையனுக்குக் குளிக்க வேண்டும் என்று ஆசை இருந்தால் கூச்சிங்கில் நீச்சல் குளம் உள்ள ஹோட்டலாகப் பார்த்துப் போடுங்கள். பாக்கோவில் மணலில் நடக்கலாம், நண்டு பார்க்கலாம், அந்தி சாயும்போது எதிரே சந்துபோங் மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். எனக்கு அதுவே போதும்.

அடுத்தது ஒரு நாள் விஷயம். ஒரு நாள் போதாது, ஒரு இரவு அங்கே தங்குங்கள். இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரே ஒரு காரணம்தான், அது குரங்கு. நீளமூக்குக் குரங்கைப் பார்க்கத்தான் உலகத்தில் பாதிப் பேர் அங்கே வருகிறார்கள், போர்னியோ தீவைத் தவிர வேறெங்கும் அது கிடையாது. அது சோம்பேறி. வெயில் நேரத்தில் இலைக்கூட்டத்துக்குள் உட்கார்ந்து தின்றதைச் செரித்துக்கொண்டிருக்கும், காலையிலும் சாயங்காலமும்தான் வெளியே வரும். காலையில் வந்து அன்றைக்கே திரும்புகிறவர்களின் படகோ மூன்று மணி வாக்கில் கிளம்பிவிடும். அவர்கள் போனபிறகுதான் குரங்கு இறங்கும். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, பல தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன்: கடைசிப் படகின் சத்தம் அடங்கி ஒரு மணி நேரத்தில் அலையாத்திக் காட்டில் கிளை முறிகிற சத்தம் கேட்க ஆரம்பிக்கும்.

சரி, அங்கே போவதைப் பற்றி. பாக்கோவுக்குத் தரைவழிப் பாதை இல்லை. கூச்சிங்கிலிருந்து கம்போங் பாக்கோ என்கிற மீனவர் கிராமம் வரை சாலை, ஏறக்குறைய 37 கிலோமீட்டர். பேருந்தும் உண்டு, ஆனால் நீங்கள் நாலு பேர் என்பதால் கிராப் செயலியில் வாடகை வண்டி பிடிப்பது சுலபம். அங்கே படகுத்துறையிலேயே பூங்கா நுழைவுச் சீட்டும் படகுச் சீட்டும் வாங்க வேண்டும். சில்லறையாகக் கையில் வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட், வைத்திருங்கள். படகுகள் அந்தக் கிராமத்துக்காரர்களுடையவை, சின்னப் படகுகள், ஐந்தாறு பேர் உட்காரலாம். இருபது நிமிஷம், அரை மணி நேரத்தில் தெலுக் அசாம் கரையில் கொண்டு விட்டுவிடுவார்கள். பூங்காவின் அலுவலகம், தங்குமிடம், கேண்டீன் எல்லாம் அந்த ஒரே இடத்தில்தான்.

இங்கேதான் தலைப்பில் சொன்ன விஷயம் வருகிறது. இந்தப் பக்கத்துக் கடல் ஏறுவதும் வற்றுவதும் நம் மெரினாவில் பார்ப்பது மாதிரி இல்லை. பெரிய ஏற்றத்துக்கும் அடி வற்றத்துக்கும் நடுவில் நாலு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும் நாட்கள் உண்டு. தண்ணீர் ஏறியிருந்தால் படகு துறையிலேயே அணையும், செருப்பு நனையாமல் இறங்கலாம். வற்றியிருந்தால் துறையின் கால்கள் சேற்றில் நட்ட கம்பங்களாக நிற்கும். படகு தூரத்தில் நின்றுவிடும், நீங்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டியதுதான். முதல் தடவை போனபோது எனக்கு இதெல்லாம் தெரியாது. படகோட்டி திரும்பும் நேரம் கேட்டார், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்ற கணக்கில் இரண்டு மணி என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மணிக்கு வந்து பார்த்தால் கடலையே காணோம். எங்கேயோ தள்ளி ஒரு கோடாகத் தெரிகிறது, அதன் ஓரத்தில் படகு. அம்மா சேலையை முட்டிக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, கைப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு, அந்த ஈர மணலையும் தண்ணீரையும் கடந்து நடந்ததை இன்றைக்கும் எல்லா விசேஷ வீட்டிலும் சொல்லிக்காட்டுவார்.

ஆகவே கூச்சிங் கடல் ஏற்ற அட்டவணையை இணையத்தில் பார்த்துவிட்டுத் தேதியை முடிவு செய்யுங்கள். ஏற்றம் தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும் என்பதால் இந்த வாரத்து நேரம் அடுத்த வாரம் உதவாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். உங்கள் வீட்டு தினசரி காலண்டரிலேயே பாதி விவரம் கிடைத்துவிடும். அப்பாவோடு வருவதால், போகிற காலையும் திரும்புகிற மத்தியானமும் தண்ணீர் பாதிக்கு மேல் இருக்கிற நாளாகப் பாருங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் திரும்புகிற நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள், போகும்போது எல்லோரும் உற்சாகமாக இருப்பார்கள், தண்ணீரில் நடந்தால்கூடச் சிரித்துக்கொண்டே நடப்பார்கள்.

ஆகஸ்ட் நல்ல தேர்வு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை ஒப்பிட்டால் குறைவு. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை லண்டாஸ் என்று இங்கே சொல்கிற பருவமழை. அப்போது கடல் கொந்தளிக்கும், படகே ஓடாத நாளும் உண்டு. ஆகஸ்டிலும் மழைக்கோட்டு இல்லாமல் வரவேண்டாம், இது போர்னியோ.

இனி நடை. பூங்கா 1957-இல் அறிவிக்கப்பட்டது, சரவாக்கின் முதல் தேசியப் பூங்கா, பரப்பு 27 சதுர கிலோமீட்டர்தான். சின்ன இடம் என்று நினைத்துவிடாதீர்கள், பதினாறு நடைபாதைகளுக்கு மேல் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் மரத்தில் ஒரு நிறப் பட்டை அடித்திருப்பார்கள், அந்த நிறத்தைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறாது. கிளம்பும் முன் அலுவலகத்துப் பதிவேட்டில் பெயர், பாதை, நேரம் எழுத வேண்டும், திரும்பி வந்ததும் எழுத வேண்டும். திரும்பியதை எழுத மறக்காதீர்கள், இல்லையென்றால் தேடக் கிளம்பிவிடுவார்கள்.

பெயர்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தெலுக் என்றால் மலாயில் விரிகுடா. தெலுக் அசாம் புளி விரிகுடா, தெலுக் டெலிமா மாதுளை விரிகுடா, தெலுக் பண்டான் கெச்சில் சின்னத் தாழை விரிகுடா. யாரோ நம் ஊர்ப் பாட்டி பெயர் வைத்த மாதிரி இருக்கும்.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது தெலுக் பண்டான் கெச்சில். ஒரு வழி இரண்டரை கிலோமீட்டர் சொச்சம், ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருப்பார்கள், பையனோடு இரண்டு மணி நேரம் வையுங்கள். ஆரம்பத்தில் வேர்களைப் படியாக வைத்து மேலே ஏறவேண்டும், அந்த அரை மணி நேரத்தில்தான் சட்டை முழுக்க நனைந்து பிழியும். மேலே வந்ததும் திடீரென்று காடே மாறிவிடும். உயரமான மரங்கள் காணாமல்போய், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல் மெலிந்த மரங்கள், வெள்ளை மணல், மொட்டைப் பாறை, தலைக்கு மேல் வெயில். இதைத்தான் கெராங்காஸ் என்கிறார்கள். இங்குள்ள ஈபான் பழங்குடியினரின் மொழிச் சொல், நெல் விளையாத நிலம் என்று அர்த்தம். மணற்பாறை கரைந்து வந்த மண், அமிலம் அதிகம், சத்து என்று எதுவும் இல்லை, பெய்கிற மழை இருப்பதையும் கழுவிக்கொண்டு போய்விடும். ஓடைத் தண்ணீரைப் பாருங்கள், கட்டங்காப்பி மாதிரி இருக்கும். அழுக்கு இல்லை, இலைச்சாறு இறங்கிய நிறம்.

என்னைக் கேட்டால் பாக்கோவில் குரங்குக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது இந்த வறண்ட மேட்டைத்தான், ஆனால் முக்கால்வாசிப் பேர் கடற்கரை எப்போது வரும் என்று தலையைக் குனிந்துகொண்டு இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மண்ணில் சோறு இல்லாததால் இங்கே செடிகள் வேறு வழி பார்த்திருக்கின்றன. குடுவைச் செடி பூச்சியைப் பிடித்துத் தின்கிறது. இலையின் நுனி நீண்டு, தொங்கி, மூடி போட்ட ஒரு சின்னச் செம்பாக ஆகியிருக்கும். மலாயில் அதற்குக் குரங்குப் பானை என்று பெயர். பையனை மண்டியிட்டு உள்ளே பார்க்கச் சொல்லுங்கள், கையை விடவேண்டாம். விளிம்பு எண்ணெய் தடவிய மாதிரி வழுவழுப்பாக இருக்கும், அடியில் கொஞ்சம் தண்ணீர், அதில் பாதி கரைந்த எறும்புகள், சில நேரம் நெளிகிற கொசுப் புழுக்கள். எறும்பைக் கரைக்கிற அதே தண்ணீரில் புழு சுகமாக வாழ்கிறது! இன்னொன்று எறும்புச் செடி. மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு, கருணைக்கிழங்கு மாதிரி வீங்கியிருக்கும். உள்ளே அறை அறையாக எறும்புகள் குடியிருக்கும். அவை போடுகிற குப்பையும் எச்சமும்தான் செடிக்கு உரம். வாடகைக்கு வீடு விட்டுச் சோறு வாங்கிக்கொள்கிற ஏற்பாடு.

அதைத் தாண்டினால் மலை விளிம்பு. கீழே விரிகுடா, செம்மஞ்சள் பாறைச் சுவர், பக்கத்துக் கடலில் அலை அடியை அரித்து அரித்து மெலிந்த தண்டில் நிற்கிற அந்தப் பாறை, படமெடுத்த நாகம் மாதிரி. அங்கிருந்து கடற்கரைக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும். திரும்பி அதே வழியில் ஏறி வரவேண்டாம், காலையிலேயே படகோட்டியிடம் பேசி அந்தக் கரையிலிருந்து ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், வருகிற வழியில் நாகப் பாறையைச் சுற்றிக் காட்டுவார். இதில் இன்னொரு வசதி: அப்பா நடக்கவே வேண்டாம், அதே படகில் உங்களை அழைக்க வரும்போது ஏறி வந்துவிடலாம். ஆனால் அலை சரியில்லை என்று படகோட்டி சொன்னால் வாதாடாதீர்கள்.

லிந்தாங் சுற்றுப்பாதை ஐந்தே முக்கால் கிலோமீட்டர், மூன்று நாலு மணி நேரம், எல்லா வகைக் காட்டையும் ஒரே நடையில் காட்டிவிடும். நல்ல பாதைதான், நீங்கள் மட்டும் தனியாகக் காலை ஏழு மணிக்குப் போவதாக இருந்தால் போங்கள். வெயில் ஏறியபின் குழந்தையோடு வேண்டாம். தாஜோர் அருவிப் பாதை மூன்றரை கிலோமீட்டர், அருவி என்ற பெயரை நம்பி எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம், குற்றாலத்தில் குளித்தவர்களுக்கு அது குழாய்த் தண்ணீர். தெலுக் லிமாவ் வரை பத்து கிலோமீட்டருக்கு மேல், அது முழு நாள் வேலை, உங்களுக்கு வேண்டாம்.

அப்பாவுக்கு அலுவலகத்தை ஒட்டிய பலகைப் பாதையே போதும். அலையாத்தி மரங்களுக்கு நடுவே போகிறது, ஏற்றமே இல்லை. தண்ணீர் வற்றிய நேரத்தில் சேற்றில் ஒரு கை மட்டும் பெரிதாக இருக்கிற நண்டுகள் அதை ஆட்டி ஆட்டிக் கூப்பிடும், சேற்றுத் தவளை மாதிரி துள்ளுகிற மீன்கள் வேறு. போன வருஷம் ஒரு சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அந்தப் பாதையில்தான் நின்றுகொண்டிருந்தேன், நீளமூக்கைத் தேடி அன்று தெலுக் டெலிமா வரை நடந்துவிட்டு ஒன்றும் கிடைக்காமல் வந்த எரிச்சல். மேலே இலை சலசலத்தது. முதலில் வெள்ளை வால் தெரிந்தது, பிறகு தொப்பை, நன்றாக விருந்து சாப்பிட்ட மாமா மாதிரி உருண்டை வயிறு, அதற்கப்புறம்தான் முகம். மூக்கு வாய்க்குக் கீழே வரை தொங்குகிறது. இலையை வாயில் வைக்க மூக்கை ஒரு கையால் ஒதுக்கிக்கொள்கிறது, உண்மையாகவே ஒதுக்குகிறது. என்னை ஒரு தடவை பார்த்தது, மூக்கு வழியாகக் கார் ஹாரன் மாதிரி ஒரு சத்தம் விட்டது, பிறகு திரும்பவும் இலை. பின்னால் குட்டியோடு இரண்டு பெண் குரங்குகள். மலாய்க்காரர்கள் அந்தக் காலத்தில் அதற்கு வைத்த பெயர் டச்சுக்காரன் குரங்கு, பெரிய மூக்கும் தொப்பையுமாக வந்த துரைமார்களைப் பார்த்து வைத்ததாம்.

பழம் எதுவும் நீட்டாதீர்கள், யார் சொன்னாலும். இலை தின்று புளிக்கவைத்துச் செரிக்கிற வயிறு அதற்கு. இனிப்பான பழம் போனால் உள்ளே வாயு கட்டி உப்பிவிடும்.

திருட்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டியது நீளமூக்கிடம் இல்லை, நீளவால் குரங்கிடம். நம் கோயில் குரங்கின் சொந்தக்காரன், குணமும் அதே. ஒரு தடவை வீட்டிலிருந்து எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போயிருந்தோம், கேண்டீன் மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்பிய பத்து விநாடியில் டப்பா போய்விட்டது. கூரை விளிம்பில் உட்கார்ந்து கிளிப்பை ஒவ்வொன்றாகக் கழற்றித் திறந்து, சாதத்தை எங்கள் தலையில் கொட்டிவிட்டு நிலக்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றது. பிளாஸ்டிக் பை கையில் தொங்குவதைப் பார்த்தாலே உணவு என்று முடிவு செய்துவிடும். எல்லாவற்றையும் ஜிப் போட்ட முதுகுப் பைக்குள் வையுங்கள், அறைக் கதவையும் ஜன்னலையும் தாழ் போடுங்கள்.

சாப்பாடு என்றதும் சைவம். கேண்டீனில் சோறு, இரண்டு மூன்று காய்கறி, முட்டை, கோழி என்று எடுத்துப் போட்டுக்கொள்கிற முறை. காய்கறி என்றாலே சைவம் என்று நினைத்துவிடாதீர்கள், கங்கோங் கீரையில் பிளாச்சான் போட்டு வதக்கியிருப்பார்கள், அது இறால் கருவாட்டுக் கூழ். “பிளாச்சான் வேண்டாம், ஈக்கான் பிலிஸ் வேண்டாம்” என்று முதலிலேயே சொல்லிக் கேளுங்கள், இரண்டாவது நெத்திலிக் கருவாடு. சொன்னால் தனியாக முட்டைக்கோஸ் வதக்கித் தருவார்கள், கூட்டமாக இருந்தால் சந்தேகம்தான். அப்பா முட்டையும் தொடமாட்டார் என்றால் ரொட்டி, ஜாம், ஊறுகாய், பிஸ்கட் கூச்சிங்கிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் பசியாறிவிட்டுக் கிளம்புங்கள்.

தங்குமிடத்தைப் பற்றிப் பெரிய கற்பனை வேண்டாம். மர வீடு, கட்டில், மின்விசிறி, பச்சைத் தண்ணீர்க் குளியல் என்ற அளவில் மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். இரவில் பூங்கா ஊழியர்கள் டார்ச் எடுத்துக்கொண்டு நடைக்குக் கூட்டிப்போவார்கள், தனியாகக் கட்டணம், கண்டிப்பாகப் போங்கள். பையனுக்கு அதுதான் ஞாபகம் இருக்கும். பச்சை விரியன் ஒன்று அலுவலகத்துப் பக்கத்து மரத்திலேயே நாள்கணக்கில் அசையாமல் சுருண்டு கிடக்கும், பகலில் பத்துத் தடவை அதன் கீழே நடந்திருப்பீர்கள், இரவில் வெளிச்சம் அடித்துக் காட்டும்போதுதான் வயிற்றைக் கலக்கும். பறக்கும் லெமூர் என்று சொல்கிற கொலுகோவும் அநேகமாகத் தெரியும், அது மரத்துக்கு மரம் போர்வையை விரித்த மாதிரி சறுக்கும்.

காலணிக்கு ஒரு ரகசியம் சொல்கிறேன். சென்னையில் ஆயிரக்கணக்கில் கொடுத்து மலையேற்றக் காலணி வாங்காதீர்கள். இங்கே பலசரக்குக் கடைகளில் அடிடாஸ் கம்போங் என்று கேலியாகச் சொல்கிற கறுப்பு ரப்பர் காலணி தொங்கும், அடியில் குமிழ் குமிழாகப் பிடிப்பு இருக்கும், விலை மிகக் குறைவு. ரப்பர் மரம் சீவுகிறவர்கள் போடுவது. ஈர வேரில் வழுக்காது, படகிலிருந்து தண்ணீரில் இறங்கினாலும் கவலை இல்லை. கால் சட்டைப்பையில் பூச்சி மருந்து வையுங்கள், மணலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஈ கடிக்கும், மூன்று நாள் சொறிவீர்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், இதில் சிக்கனம் கூடாது.

இன்னும் ஒன்று, நிறையப் பேருக்குத் தெரியாதது: சரவாக்குக்குத் தனிக் குடிநுழைவு. கோலாலம்பூரில் முத்திரை குத்திவிட்டார்கள் என்று நினைத்துக் கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடாதீர்கள், கூச்சிங்கில் இறங்கியதும் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். மேற்கு மலேசியாவிலிருந்து வந்த எனக்கே அப்படித்தான்.

அறையைச் சரவாக் வனத்துறைக் கழகத்தின் இணையத்தளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். ஆகஸ்ட் என்றால் ஐரோப்பியர்கள் விடுமுறைக்கு வந்து குவிகிற மாதம், இப்போதே போட்டுவிடுங்கள். வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது, சனி ஞாயிறு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் வரும். தேதி முடிவானதும் எனக்கு எழுதுங்கள், அன்றைய ஏற்ற நேரத்தைப் பார்த்து எத்தனை மணிப் படகு என்று சொல்கிறேன். அப்பாவுக்கு முட்டி வலி ஏதாவது உண்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், படகிலிருந்து துறைக்குப் போக ஏணி மாதிரி ஒன்றில் ஏறவேண்டியிருக்கும்.